எடுத்த நீரும் விடுத்த நீரும்

பொழுது புலர்ந்ததும் நம் சிராவக இல்லங்களில் நடைபெறும் முதற்பணிகளுள் ஒன்று, நீரைத் துணியில் வடித்துக் குடத்தில் நிரப்புதல். மின்விசைக் குழாயும் நீரைத் தூய்மையாக்கும் கருவியும் வந்துவிட்ட பின்னரும், குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருக்கும் காட்சியை நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்றும் காணலாம். அத்துணியைக் கண்டு காரணம் வினவும் அண்டை வீட்டாரிடம், "நீரிலுள்ள சிற்றுயிர்கள் நம்மால் மடியலாகாது என்பதற்காக" என்று நாம் பெருமையோடு விடை கூறுகிறோம். அப்பெருமை தகுதியானதே. ஆயினும் அண்மையில் எம் இல்லத்தில் எழுந்த ஒரு வினா, அப்பெருமை நிறைவுடையதுதானா என்று எம்மைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையை இதழ் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பெயரன் கேட்ட வினா

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் யாம் பள்ளிக்கரணையில் மகனுடைய இல்லத்தில் வாழ்ந்து வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் எம் பெயரன் அருகில் வந்து அமர்ந்தான். "ஆயா, நாளைக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஏரிக்குப் போகிறோம். ஆகாயத்தாமரையை அகற்றப் போகிறோம். ஆனால் நாளைக்குச் சதுர்த்தசி. அன்றைக்கு நீங்கள் ஒரு கீரைத்தண்டைக்கூடக் கிள்ளமாட்டீர்கள். நான் மட்டும் போய் ஆயிரம் செடிகளைப் பிடுங்கலாமா?" என்று கேட்டான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு விடை கூறிய எமக்கு, அன்று விடை கிடைக்கவில்லை. "போகலாம்" என்று எளிதாகக் கூறிவிட்டால், ஓரறிவுயிரும் உயிரே என்று அவனுக்குக் கற்பித்தது வெறும் சொல்லாகிவிடும். "போகாதே" என்று தடுத்துவிட்டால், ஏரி மூச்சடைத்துக் கிடக்க, நம் கை மட்டும் தூய்மையாக இருந்தால் போதும் என்பதே நம் நோன்பின் பொருளாகிவிடும். எனவே, "போய் வா, ஆனால் செடியைத் தொடுவதற்கு முன், ஏரிக்குள் நீர் வந்து விழும் இடத்தைப் பார். அங்குள்ள இலைகளையும் எதிர்க்கரையிலுள்ள இலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து வந்து சொல்" என்று மட்டும் கூறினோம். அது விடையன்று, விடை தெரியாத ஆசிரியர் மாணவனுக்கு வேலை கொடுக்கும் பழக்கமே.

மறுநாள் மாலை திரும்பியவன் சொன்னான்: "கால்வாய் வந்து விழும் இடத்தில் இலைகள் என் கையளவு இருக்கின்றன, கரும்பச்சையாக இருக்கின்றன. எதிர்க்கரையில் சிறியனவாக, வெளிறிப்போய் இருக்கின்றன. கால்வாயில் வருவது மழைநீர் இல்லை, ஆயா, வீடுகளின் கழிவுநீர்."

அவ்விரு இலைகளின் வேறுபாட்டிலேயே அவன் வினாவிற்குரிய விடை அடங்கியிருந்தது. அதனை உணர வேண்டுமாயின், ஒரு செடி எதனை உண்டு வளர்கிறது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

செடியின் உணவு

செடி மண்ணை உண்டே வளர்கிறது என்று நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். பிரசெல்சு நகரத்து மருத்துவராகிய வான் ஹெல்மான்ட் என்பவர் அதனை ஆய்ந்து பார்க்க எண்ணினார். உலர்ந்த மண் 200 பவுண்டைத் தொட்டியிலிட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, நீர் மட்டுமே ஊற்றி ஐந்து ஆண்டுகள் வளர்த்தார். முடிவில் மரத்தின் எடை ஏறத்தாழ 169 பவுண்டாக உயர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே. ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆனதே என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைவிற்குப்பின் 1648-ஆம் ஆண்டில் இச்செய்தி நூல் வடிவில் வெளிவந்தது.

அம்முடிவில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. 1699-இல் இங்கிலாந்து நாட்டின் ஜான் உட்வார்டு, புதினா வகைச் செடிகளை மழைநீரிலும் ஆற்றுநீரிலும் தோட்டமண் கலந்த நீரிலும் தனித்தனியே வளர்த்தார். மண் கலந்த நீரில் நின்ற செடியே மிகுதியாக வளர்ந்தது. 1779-இல் இங்கன்ஹவுசு, செடியின் பசிய உறுப்புகள் கதிரவன் ஒளியில் மட்டுமே காற்றை நலமுடையதாக்குகின்றன என்று காட்டினார். இவ்வாறு பலர் உழைப்பால், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் கொணரும் நீரையும் ஒளியின் துணையால் இணைத்துச் செடி தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்னும் உண்மை புலனாயிற்று. இதனையே ஒளிச்சேர்க்கை என்கிறோம். வான் ஹெல்மான்ட் பொருட்படுத்தாது விட்ட அந்த 2 அவுன்சு, வேர் மண்ணிலிருந்து பெற்ற உப்புச் சத்துகளேயாம். அளவில் சிறிது, ஆனால் அஃதின்றி அம்மரம் இல்லை.

அச்சத்துகள் ஒவ்வொன்றிற்கும் ஒரு பணி உண்டு. நம் உழவர்கள் தழைச்சத்து என்று கூறும் நைட்ரசன் இலையின் பசுமைக்கு அடிப்படை. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் நடுவே ஒரு மக்னீசிய அணுவும், அதனைச் சூழ்ந்து நான்கு நைட்ரசன் அணுக்களும் உள்ளன. மணிச்சத்தாகிய பாசுபரசு, ஒளியிலிருந்து பெற்ற ஆற்றலைச் செடிக்குள் கொண்டுசெல்லும் பொருளில் இடம்பெறுகிறது. சாம்பல் சத்தாகிய பொட்டாசியம், இலைத்துளைகள் திறக்கவும் மூடவும் உதவுகிறது. இரும்பு சிறிதளவே தேவை. அது குறைந்தாலும் இளந்தளிர் வெளிறிப்போகும்.

நீரின் பணியோ இன்னும் வியப்பிற்குரியது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவே ஒளிச்சேர்க்கையில் செலவாகிறது. எஞ்சியதில் மிகப்பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகிச் செல்கிறது. வீண்செலவு போலத் தோன்றினும் அஃது அவ்வாறன்று. அவ்வோட்டமே சத்துகளை வேரிலிருந்து உச்சிக்கு ஏற்றுகிறது. நீர் குறைந்தால் செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடுகிறது. மூடினால் கரியமில வாயு உட்புக வழியில்லை. ஆதலால் உணவாக்கமும் குறைகிறது. செடி வெளிவிடும் உயிர்வளி நீரிலிருந்து பிரிந்து வருவதே என்பதை 1941-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ரூபன், கேமன் முதலிய அறிஞர்கள் தெளிவாக்கினர். நீரும் ஓரறிவுயிரின் உடலே என்னும் நம் கொள்கையை நினைவிற்கொண்டால், நாம் வாங்கும் ஒவ்வொரு மூச்சும் செடிக்கும் நீருக்கும் கடன்பட்டது என்பது விளங்கும்.

குவளையில் கற்ற பாடம்

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் யாம் செய்து பழகிய முதல் செய்முறைகளுள் ஒன்று, ஹைட்ரில்லா எனப்படும் வேலம்பாசியைக் கொண்டு செய்வது. கண்ணாடிக் குவளை நீரில் அக்கொடியை இட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் தண்டின்மேல் நீர் நிரம்பிய சோதனைக்குழாயைத் தலைகீழாகப் பொருத்தி, வெயிலில் வைத்தால், கொடியிலிருந்து குமிழிகள் முத்துமுத்தாய் எழும். அவை உயிர்வளிக் குமிழிகள். சிறிது ஆப்பச்சோடாவை நீரில் கரைத்தால் கரியமில வாயு மிகுந்து, குமிழிகள் விரையும். குவளையைக் கரும்பலகைத் துண்டால் மூடி நிழலாக்கினால், சிறிது நேரத்தில் குமிழிகள் அருகி நின்றுவிடும். ஜகதீச சந்திர போசு அவர்களும் இக்கொடியைக் கொண்டே ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்து 1924-இல் நூல் வெளியிட்டார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இச்செய்முறையைப் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினோம். குவளையை மூடினால் குமிழி நிற்கும் என்பதைப் படமும் வரையச் செய்தோம். ஆயினும், ஒரு குளத்தையே மூடினால் என்னவாகும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குறைவும் மிகுதியும்

செடியின் வளர்ச்சிக்குத் தேவையானவற்றுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையை வகுக்கிறது. செருமானிய அறிஞர் ஸ்பிரெங்கல் முன்னர்க் கூறி, லீபிக் உலகறியப் பரப்பிய விதி இது. பல பலகைகளால் ஆன மரப்பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருப்பின், எவ்வளவு நீர் ஊற்றினும் அப்பலகையின் உயரத்திற்குமேல் நில்லாது என்பது இவ்விதியை விளக்கப் பின்வந்தோர் கூறும் உவமை.

குறைவு வளர்ச்சியைத் தடுக்கும், மிகுதியோ கொல்லும். ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன், எம் இல்லத்து மல்லிகை வெளிறியிருக்கக் கண்டு, அன்பு மிகுதியால் கைநிறைய யூரியாவை வேரடியில் இட்டோம். நான்கே நாளில் இலைகளின் ஓரம் கருகிற்று; வாரத்திற்குள் செடி மாண்டது. உப்பு மிகுந்த மண், வேருக்கு நீரைத் தருவதற்கு மாறாக வேரிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். ஈரத்தின் நடுவே நின்றபடியே அச்செடி நீர்வேட்கையால் மடிந்தது. எமது கருத்தில் தீமையில்லை. ஆனால் செயலில் இருந்தது. ஊட்டம் என்று நாம் கருதிக் கொடுப்பது ஊட்டமா நஞ்சா என்பதைக் கொடுப்பவர் அன்பு முடிவு செய்வதில்லை; பெறுவதன் அளவே முடிவு செய்கிறது.

ஒரு செடிக்குரிய இவ்வுண்மை ஏரிக்கும் பொருந்தும். கனடா நாட்டில் ஆய்விற்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226 என்று எண்ணிட்ட ஏரியை, 1973-ஆம் ஆண்டில் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நடுவே திரையிட்டு இரண்டாகப் பகுத்தனர். ஒரு பகுதியில் கரியும் நைட்ரசனும் உடைய பொருள்களை இட்டனர். மறு பகுதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தனர். முதற்பகுதி முன்போலவே தெளிந்திருந்தது; மணிச்சத்துப் பெற்ற பகுதி பாசி படர்ந்து பச்சைக் குழம்பாயிற்று. அந்நீரில் குட்டைப் பலகையாக இருந்தது மணிச்சத்தே. அதனை உயர்த்தியதும் எல்லை உடைந்தது.

பள்ளிக்கரணையின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை மக்கள் கழுவெளி என்றும் வழங்குவர். சென்னையின் தென்பகுதியில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீருக்கு வடிகாலாக விளங்குவது இது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளின் மிகைநீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி இதனை அடைகிறது. பின்னர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் கழிமுகத்தின் வழியே கடலுக்குச் செல்கிறது. ஒருகாலத்தில் ஐயாயிரம் எக்டேருக்கும் மேற்பட்டு விரிந்திருந்த இந்நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2007-இல் அதில் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு, உலகளவில் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பெருங்குடிப் பக்கத்தில் பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்டு மலைபோல் குவிந்த குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பணியும் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது.

கழுவெளியின் இயல்பே கொடை. சம்பும் கோரையும் நாணலும் தம் வேர்களால் நீரிலுள்ள சத்துகளை உறிஞ்சிக்கொள்கின்றன. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தின் ஒரு பகுதியை வளியாக மாற்றிக் காற்றிற்கே திருப்புகின்றன. பூநாரையும் நாமக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் வந்து தங்குவது, இப்பணி நடைபெறும் இடத்திற்கே. ஆயினும் இப்பணிக்கும் ஓர் அளவு உண்டு. நிலம் சுருங்க, வரும் கழிவு பெருக, அளவு கடக்கிறது.

அப்போது ஆகாயத்தாமரை தழைக்கிறது. வெங்காயத்தாமரை என்றும் கூறப்படும் இச்செடி தென் அமெரிக்காவிற்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச்செடியாக வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டு, நாடெங்கும் பரவிற்று. சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே இருமடங்காகப் பெருக வல்லது. இதன் இலைகள் நீருக்கு மேலே நிற்பதால், அவை விடும் உயிர்வளி பெரும்பாலும் காற்றிற்கே செல்கிறது, நீருக்கு அன்று. கீழே ஒளி புகாமையால் வேலம்பாசி முதலிய மூழ்கிய செடிகள் மடிகின்றன. உதிர்ந்த இலைகள் அழுகும்போது நீரில் எஞ்சிய உயிர்வளியும் தீர்கிறது. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிப்பதை ஏரிக்கரையில் நடப்பவர் கண்டிருக்கக்கூடும். குவளையை மூடியபோது நின்ற குமிழிகளே இங்கு ஏரியளவில் நிற்கின்றன.

எது கொலை? எவர் கொலை?

இப்பொழுது பெயரன் வினாவிற்கு வருவோம். ஆகாயத்தாமரையைப் பிடுங்குவது இம்சையா? ஆம், இம்சையே. ஏரிக்கு நலம் என்னும் காரணம் காட்டி அதனை இம்சையன்று என்று மறைத்தல் தகாது. இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாதது ஆரம்ப இம்சை. சமைத்தலிலும் துடைத்தலிலும் உழுதலிலும் அது நேர்கிறது. கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையையே சிராவகர் அறவே நீக்கவேண்டும் என்று ஆசாரியர்கள் வகுத்தனர். அதனால் ஆரம்ப இம்சைக்கு எல்லையே இல்லை என்பது பொருளன்று. வேண்டிய அளவு, வேண்டிய இடத்தில், இரக்கத்தோடு என்பனவே அதற்குரிய எல்லைகள்.

அந்த எல்லையை உரைப்பதே அனர்த்த தண்ட விரதம். பயனின்றி மண்ணை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டல், காற்றை அசைத்தல், செடியை வெட்டுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மறதியால் விளையும் குற்றமாக எடுத்துரைத்துள்ளார். இங்கே "பயனின்றி" என்பதே உயிரான சொல்.

இதனைக் கொண்டு நோக்கினால் பெயரன் கண்ட காட்சியின் பொருள் தெளிவாகிறது. கழிவுநீர் வரும் கால்வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் செடியை மட்டும் பிடுங்கினால், அச்செடி மீண்டும் தழைக்கும், மீண்டும் பிடுங்கப்படும். பிடுங்கியதைக் கரையிலேயே குவித்துவிட்டு வந்தோம் என்றும் அவன் கூறினான். அக்குவியல் அழுகி, அதிலுள்ள சத்து மழையோடு ஏரிக்கே திரும்பிவிடும். ஆயிரம் செடிகள் மடிந்தும் ஏரிக்கு விளைந்த பயன் இல்லை. பயனின்றிச் செடியை அழித்தல் என்று ஆசாரியர் விலக்கியது இதுவன்றோ?

மாறாக, வரும் கழிவை நிறுத்திய பின், படர்ந்துள்ள செடியை ஒருமுறை எடுத்து, அதனை ஏரியிலிருந்து அகற்றி மக்கச் செய்து நிலத்திற்கு எருவாக்கினால், அதுவும் இம்சையே ஆயினும் பயனற்ற இம்சையன்று. ஒன்றைப் பிடுங்குவதால் பல உயிர்கள் மூச்சுவிடும். மறுமுறை பிடுங்கவேண்டிய தேவையும் குறையும். ஆகவே இம்சையின் தொடக்கம் செடியைப் பற்றும் கையில் இல்லை. அச்செடிக்கு அளவின்றி ஊட்டிய கையில் உள்ளது. ஆகாயத்தாமரையின்மேல் குற்றமில்லை. கிடைத்ததை உண்டு வளர்வது அதன் இயல்பு. அதற்கு ஊட்டியவர் நாம்.

நம் பங்கு எவ்வளவு?

"நாம் புலாலை நீக்கிய தூய உணவை உண்பவர்; நம் இல்லத்து நீரால் என்ன தீங்கு?" என்று சிலர் வினவலாம். பருப்பிலும் பாலிலும் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் வளர்ந்தவர் உடலில் தங்கிவிடுவதில்லை. தழைச்சத்தின் பெரும்பகுதியும் மணிச்சத்தில் பாதிக்கு மேலும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. சலவைத்தூள்களில் மணிச்சத்து உப்பு சேர்க்கப்படுவதும் உண்டு. பாத்திரத்தில் ஒட்டிய சோறும் எண்ணெயும் பாலும் நீரில் அழுகும்போது உயிர்வளியை உண்கின்றன. உண்ணும் உணவு தூயதே. ஆனால் விடும் நீர், சேரும் இடத்தைப் பொறுத்தே நலமோ தீங்கோ ஆகிறது.

இவ்வளவும் எண்ணிய பின், எம் குடியிருப்பின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று விசாரித்தோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்: கழிவுத்தொட்டியின் மிகைநீர்க் குழாய் தெருமுனையிலுள்ள மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டிருந்தது. அவ்வடிகால் செல்வது கழுவெளிக்கே. இவ்வில்லத்திற்கு வந்த நாள்முதல் ஒவ்வொரு காலையும் குழாயின் வாயில் துணி கட்டி நீரை வடித்த யாம், அதே நாள்முதல் ஒவ்வொரு காலையும் ஓராயிரம் உயிர்களின் மூச்சை அடைக்கும் நீரை மறுவழியே விட்டுக்கொண்டிருந்தோம். அறியாமல் செய்தோம் என்று கூறலாம். ஆனால் அறிய முயலவில்லை என்பதே உண்மை. கவனமின்மையே இம்சையின் வேர் என்று நம் முன்னோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

நம் முன்னோர் நீர் வடிக்கும் முறையை நினைவுகூர்வோம். வடித்த நீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டதோடு அவர்கள் பணி முடிந்ததில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்களோ அதே கிணற்றில், உயரத்திலிருந்து வீசாமல் மெல்ல இறக்கி விட்டனர். வேறு நீரில் விட்டால் அவ்வுயிர்கள் தாங்கமாட்டா என்பது அவர்கள் அறிவு. அதாவது, எடுப்பது பாதி. திருப்பி விடுவது மறு பாதி. கிணறு போய்க் குழாய் வந்தபோது முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியை மறந்துவிட்டோம்.

அவ்வாறே அவர்கள் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வீணாகவில்லை. வந்தவாசிப் பக்கத்திலுள்ள எம் பிறந்தகத்தில், கிணற்றடியிலிருந்து ஓடும் நீர் வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும். அவ்விலைகள் எப்போதும் செழித்திருக்கும். சத்து அங்கும் இருந்தது. ஆனால் உண்ணும் வேருக்கேற்ற அளவில் இருந்தது. ஊட்டமும் கழிவும் இருவேறு பொருள்கள் அல்ல. அளவோடு உரிய இடத்தில் சேர்ந்தால் ஊட்டம். அளவின்றிப் பிறிதோரிடத்தில் சேர்ந்தால் கழிவு. பொருளுக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் பரிக்கிரக பரிமாண விரதத்தை, வைத்திருக்கும் பொன்னுக்கும் மனைக்கும் மட்டுமன்றி, வெளியேற்றும் நீருக்கும் கொள்வதே இன்றைக்குத் தேவை.

இரு தடைகள்

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். முதலாவது, பாதாளச் சாக்கடை அமைத்தலும் கழிவுநீரைத் தூய்மை செய்தலும் அரசின் கடமை. ஓரில்லத்தார் திருந்துவதால் ஏரி திருந்துமா என்பது. அரசின் கடமையை நாம் மறுக்கவில்லை; அதனைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமையே. ஆயினும் இவ்வாதத்தை நம் வடிதுணியின்மேல் செலுத்திப் பாருங்கள். ஓரில்லத்தார் நீரை வடிப்பதால் உலகிலுள்ள நீர்வாழ் உயிர்களெல்லாம் பிழைத்துவிடுகின்றனவா? இல்லை. எனினும் நாம் வடிக்கிறோம். நம்மால் மடிபவை குறையட்டும் என்பதே நோன்பின் கணக்கு. அக்கணக்கே இங்கும்.

இரண்டாவது, தழைச்சத்து, மணிச்சத்து என்னும் சொற்களெல்லாம் ஆகமங்களில் உண்டா என்பது. இல்லாதிருக்கலாம். ஆனால் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் ஞானம் இடையில் நிற்பது வாளாவன்று. உயிர்கள் எங்கெங்கு எவ்வாறு மடிகின்றன என்னும் அறிவு விரியும்தோறும், ஒழுக்கமும் அவ்விடங்களுக்கெல்லாம் விரிதல் வேண்டும். அறிந்த பின்னும் பழைய எல்லைக்குள்ளேயே நிற்பது ஒழுக்கமாகாது; வழக்கமேயாகும்.

எம் குடியிருப்பில் இருபத்துநான்கு இல்லங்கள். கூட்டத்தில் இச்செய்தியைக் கூறியபோது, செலவைக் கருதித் தயங்கியவர் பலர். "ஊரே விடும்போது நாம் மட்டும் ஏன் அம்மா?" என்று வெளிப்படையாகவே கேட்டார் ஒருவர். எட்டு மாதங்கள் பேசிய பின், மிகைநீர்க் குழாய் அடைக்கப்பட்டது. தொட்டி நிரம்புமுன் ஊர்தி அழைத்து, தூய்மை நிலையத்திற்கு எடுத்துச்செல்வதை உறுதி செய்துகொள்கிறோம். கீழ்த்தளத்து எட்டு இல்லங்களின் சமையலறை நீர் பின்புறத்துக் கல்வாழைப் பாத்திக்குப் பாய்கிறது. மற்றவை இன்னும் மீதமுள்ளன.

பிற இல்லத்தார் செய்யத்தக்கவையும் அரியன அல்ல. பாத்திரத்தை வழித்துக் கழுவுதல். சலவைத்தூளை அளந்து இடுதல். பூசை மலர்களை நீர்நிலையில் விடாது செடிக்கு எருவாக்குதல். ஆலயங்களில் அபிடேகப் பாலும் நீரும் வடிகாலுக்குச் செல்லாது நந்தவனத்திற்குச் செல்லுமாறு வழி செய்தல். அனைத்திற்கும் முதலாக, தம் இல்லத்து நீர் எங்கே சென்று சேர்கிறது என்பதைத் தாமே நடந்து சென்று ஒருமுறை பார்த்தல்.

பெயரனுக்கு யாம் பின்னர்க் கூறிய விடை இதுவே: "செடியைப் பிடுங்குவது இம்சைதான். அதனை நீ மறக்காதே. கால்வாயை அடைத்த பின் போ; எடுத்த செடியைக் கரையில் விடாதே; சதுர்த்தசியன்று வேண்டாம், மறுநாள் போ." அவன் சிறிது எண்ணிவிட்டு, "கால்வாயை யார் அடைப்பார்கள், ஆயா?" என்றான்.

அவ்வினா நம் அனைவர்க்கும் உரியது. நீரை எடுக்கும்போது காட்டும் இரக்கத்தை விடும்போதும் காட்டுவோமாக. ஓரறிவுயிர் முதல் எவ்வுயிரும் நம்மால் மூச்சடையாது வாழ்க.